ஆடி மாத ரோபோக்கள்

ஆடி பிறக்கப் போகிறது என்றால் புதுமாப்பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வது வழக்கம். பகலவன் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டான். இந்த ஒரு மாதத்துக்குள் தன்னுடைய மகத்தான படைப்பை முடித்தே தீருவது என்று முடிவு கட்டியிருந்தான். முடிவு கட்டியதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பான். அதைப் பெண்டாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தான்.

சொன்ன இடம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. மகளை ஆடிக்கு அழைத்துப்போகக் கச்சிராயபாளையத்திலிருந்து வந்திருந்த மாமனார் வீரமுத்து, டவுன் பஸ்ஸுக்குள் துண்டு போட்டு இடம் பிடிக்கப் போயிருந்தார். தேவிப்ரியா பஸ் படிக்கட்டுக்குக் கீழே நின்று புருஷன் முகத்தையே பார்த்தாள். வைகாசியில்தான் கல்யாணம். புதுப் பெண்டாட்டி அப்படிப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது எந்த மடையனுக்கும் தெரியும்.

“நீ போறதும் ஒருவிதத்துல நல்லதுதான் ப்ரியா,” என்றான் பகலவன். “வூட்ல நீ இருந்தா எனக்கு வேல ஓட மாட்டேங்குது. ஒரு மாசம் நிம்மதியா உக்காந்து முடிச்சிடுவேன்.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அப்போதே கதை முடிந்திருக்கும்.

“சரிங்க,” என்றாள். “நிம்மதியா முடிங்க. நான் தொந்தரவே பண்ண மாட்டேன்.”

அந்த மகத்தான படைப்பு எது என்று சொல்லிவிட வேண்டும். பகலவனுக்குக் கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டுச் சேர்க்கும் வேலை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினால் ஒரு பாட்டு, பெண் வெட்கப்பட்டால் ஒரு பாட்டு, பந்தியில் பாயசம் ஊற்றினால் ஒரு பாட்டு. எல்லாம் வேறு யாரோ போட்ட பாட்டு. சொந்தமாக ஒன்று போட வேண்டும் என்ற ஆசை அவனை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இசையமைப்பது என்று உட்கார்ந்தான். விளையாட்டு நடப்பது மூடிப்போன ஒரு கரும்பு ஆலையில். மனிதர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். உள்ளே ரோபோக்கள் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு மனக்கஷ்டம். விளையாடுகிறவன் ஒவ்வொன்றின் கஷ்டத்தையும் கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டும். இதில் ஒரே ஒரு குறை, அப்படி ஒரு விளையாட்டே உலகத்தில் கிடையாது.

கல்யாணமான புதிதில் இதை விளக்கியபோது தேவிப்ரியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வெளாட்டு எப்ப வரும்ங்க?”

“வராது.”

“வராதுன்னா?”

“அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல. நானா நெனச்சிக்கினு பாட்டு மட்டும் போடறேன்.”

“இல்லாத பொண்ணுக்கு வளகாப்பு பண்ற மாதிரியா?”

“உலகம் பூரா இப்பிடி பண்றாங்க ப்ரியா. இது ஒரு கலை.”

“சரிங்க,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அந்த ‘சரிங்க’வில் எத்தனை தினுசு இருக்கிறது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

ஆடி ஒன்றாம் தேதி மாமனார் வீட்டில் விருந்து. தேங்காய்ப் பால், வடை, புதுச் சட்டை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. விளக்கு வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையை மரியாதையாக பஸ் ஏற்றியும் விட்டார்கள். ஆடியில் மாப்பிள்ளை ராத்திரி தங்கக் கூடாது. ஏன் கூடாது என்பதை மாமியார் கலையரசி விளக்கவில்லை. சித்திரை வெயிலில் பிள்ளை பெறுவது கஷ்டம் என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வீடு திரும்பிய பகலவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அன்று நிம்மதியாக இருந்தது. மறுநாள் கொஞ்சம் அதிகமாகவே நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்த நாள் அந்த நிம்மதி அவனைக் கழுத்தைப் பிடித்து நெரித்தது. குளித்துவிட்டு வந்தால் துண்டு எங்கே என்று கேட்க ஆள் இல்லை. சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்ல ஆள் இல்லை, சாம்பாரும் இல்லை. அவள் தலை துவட்டும்போது வளையல் இடிபடுமே, அந்தச் சத்தத்துக்காக அவன் காது தானாகவே காத்திருந்தது. வேலை செய்ய விடாமல் தொந்தரவு பண்ணியதே அந்தச் சத்தம்தான் என்று முந்தின வாரம்தான் அவளிடம் குறைபட்டிருந்தான்.

இசையிலும் அது தெரிந்துவிட்டது. லாரிகளை எடை போடும் ரோபோவுக்குப் பல்சக்கரம் தேய்ந்த கஷ்டம். அதற்குக் கடகடவென்று ஒரு மெட்டுப் போட உட்கார்ந்தான். விரல் போன போக்கில் வந்ததைத் திருப்பிக் கேட்டால், பெண்டாட்டியை ஆடிக்கு அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ரோபோ மாதிரி இருந்தது. சரி என்று சங்கு ஊதும் ரோபோவை எடுத்தான். ஷிப்டுக்குச் சங்கு ஊதியும் யாரும் வருவதில்லை என்று அதற்குக் கோபம். கோபமாக நாலு தட்டுத் தட்டியதில் அதுவும் இரண்டாவது வரியிலேயே கண்ணைக் கசக்கியது. கரும்பு வெட்டும் ரோபோ, கணக்குப் போடும் ரோபோ, கொதிகலனுக்குப் பயந்த ரோபோ, எல்லாமே ஒரே ஆளைத் தேடி ஏங்கின. அந்த ஆள் பத்து மைல் தள்ளி, கோமுகி அணைக்குக் கீழே, அம்மா வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் தேவலை. ஆனால் என்ன சொல்லிக்கொண்டு போவது? நிம்மதி வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜம்பமாகச் சொன்னவன், வாரம் திரும்புவதற்குள் போய் நின்றால் மானம் என்னாவது? பகலவன் யோசித்தான். அவனுக்கு அவ்வப்போது யோசனை வரும். வந்த யோசனை ஒன்றாவது அவனுக்கு நல்லது செய்ததில்லை.

“ப்ரியா, ஒரு சின்ன சிக்கல்,” என்றான் போனில். “ரோபோவோட நெஞ்சுக்குள்ள அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வேணும். உங்க கெணத்து மேட்டுல பழைய டீசல் இன்ஜின் இருக்குதில்ல, அது சரியா இருக்கும். நாளைக்கு நேர்ல வந்து ரெக்கார்டு பண்ணிக்கினு போயிடறேன். அப்பிடியே உங்க வூட்லயும் ஒரு எட்டு…”

“இன்ஜின் சத்தம்தானே? இருங்க.”

போன் வைக்கப்பட்டது. குக்கர் விசில் அடிப்பதற்குள் இன்ஜின் வந்து சேர்ந்தது. டப டப டப என்று கிணற்று மேட்டையே தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

“நல்லாத்தான் இருக்குது,” என்றான் பகலவன், வயிறெரிய. “ஆனா பின்னாடி கோழி கத்துது. இதுக்குத்தான் நானே நேர்ல வந்து…”

“கோழியா? இருங்க.”

இரண்டாவது பதிவு வந்தது. கோழி இல்லை. “கூடையப் போட்டு கவுத்துட்டேங்க,” என்று கீழே எழுதியிருந்தாள்.

அடுத்து அவன் அணையின் ஷட்டர் சத்தம் கேட்டான். அணையில் தண்ணீர் திறக்கும் காலம் அது இல்லை. யாரும் ஷட்டரைத் தொட மாட்டார்கள், காத்திருந்துதான் பிடிக்க வேண்டும், காத்திருக்க அவனே நேரில் போக வேண்டும் என்பது கணக்கு. அவன் நேரம், அன்றைக்கென்று பார்த்து கிரீஸ் வைக்க ஆள் வந்திருந்தார்கள். ஷட்டர் முனகிக்கொண்டே ஏறி முனகிக்கொண்டே இறங்கியது. மூன்று இடத்தில் நின்று, மூன்று தினுசாகப் பிடித்து அனுப்பிவிட்டாள்.

பகலவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்வராயன் மலையில் கொண்டை ஊசி வளைவில் பஸ் திணறி ஏறும் சத்தம் வேண்டும் என்றான். பொம்பிளைப் பிள்ளை தனியாக மலைக்குப் போக மாட்டாள், துணைக்கு அவன்தான் போயாக வேண்டும்.

“வெள்ளிமலையில எங்க பெரியம்மா இருக்காங்க. அவங்கள பாத்தும் நாளாச்சின்னு அம்மா சொல்லிக்கினே இருந்துச்சு. இருங்க.”

அம்மாவும் மகளும் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ் திணறியது, கியர் மாறியது, ஜன்னலில் காற்று அடித்தது. கடைசியில், யாரோ எதையோ சொல்ல, தேவிப்ரியா கலகலவென்று சிரித்தாள். பதிவு அங்கே முடிந்தது.

பஸ் சத்தத்தை அவன் ஒரு தடவைதான் கேட்டான். சிரிப்பை மட்டும் தனியாக வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அதற்கு எதிரொலி கொடுத்துப் பார்த்தான், வேகத்தைக் குறைத்துப் பார்த்தான், பிறகு பழையபடியே விட்டுவிட்டான். ஆலையில் அத்தனை ரோபோக்கள் வரிசையில் நின்றும், அந்தச் சிரிப்பை ஒன்றுக்கும் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

இதற்கு நடுவே, முடித்த பாட்டுகளை அவளுக்கு அனுப்பியிருந்தான். அவள் கேட்டுவிட்டுப் போன் செய்தாள்.

“அந்த எட போடற ரோபோ இன்னாத்துக்குங்க அழுவுது?”

“அதுக்கு பல்சக்கரம் தேஞ்சிபோச்சு.”

“பல்சக்கரம் தேஞ்சா இப்பிடியா அழும்? வூட்ட வுட்டு யாரோ போன மாதிரி இல்ல இருக்குது.”

“அது… பழைய பல்சக்கரம். பாசம் ஜாஸ்தி.”

“சங்கு ஊதறதுக்கும் பல்சக்கரம்தானா?”

“அதுக்கு கோவம்.”

“கோவம் மாதிரி தெரியலீங்களே. யாரையோ வான்னு கூப்புடுது. வாயத் தொறந்து கூப்புட்டா வந்துட மாட்டாங்களா?”

“அதுக்கு வாயே வெக்கல ப்ரியா. டிசைனே அப்பிடித்தான்.”

“ஓ,” என்றாள். “அப்ப கஷ்டம்தான்.”

போனை வைத்த பிறகு பகலவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘நீ இல்லாம முடியல, வந்துடு’ என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான். பஸ் ஸ்டாண்டில் சொன்ன வார்த்தை வந்து வழியில் உட்கார்ந்துகொண்டது.

பதினெட்டாம் பெருக்கு கழிந்த மறுநாள் அவனுக்கு உச்சந்தலையில் ஒரு யோசனை உதித்தது. போனில் பிடிக்கவே முடியாத சத்தம் ஒன்று உண்டு.

“எனக்கு அமைதி வேணும் ப்ரியா.”

“இன்னும் அமைதியா? வூட்லதான் யாருமே இல்லியே.”

“அந்த அமைதி இல்ல. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு அமைதி இருக்குது. கடசி ரோபோ ஒரு பழைய வூட்டு நடு ரூம்ல நிக்குது. உங்க வூட்டு நடு ரூம் மாதிரி. அந்த அமைதிய போன்ல புடிக்க முடியாது. போன் அத வேண்டாத சத்தம்னு நெனச்சி அழிச்சிடும். என் மைக் இருந்தாத்தான் ஆவும். இந்தத் தபா நான் வந்துதான் தீரணும்.”

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் ‘இருங்க’ என்று சொல்லவில்லை.

“வாங்க,” என்றாள். அந்த ஒரு வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

மறுநாள் ஆடிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மைக் பைக்குள் மல்லிகைப் பூவை மறைத்துக்கொண்டு போய் இறங்கினான். மாமனார் வீட்டில் எல்லாரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மாமனார் சலவை வேட்டி கட்டியிருந்தார். மாமியார் பட்டுப் புடவையில் இருந்தார். தேவிப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, வெளியூர் போகிறவள் மாதிரி இருந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் மைக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“வாங்க மாப்ள,” என்றார் கலையரசி. “இன்னா விஷயமா வந்தீங்க?”

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மூன்று பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். பகலவன் அந்தப் பார்வையைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டான். வந்த குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாது.

“அமைதிய ரெக்கார்டு பண்ண வந்தேன் அத்த.”

“வேற ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லீங்க அத்த. அமைதி மட்டும்தான்.”

மாமியார் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். மாமனார், “சரி, வந்த வேலைய பாருங்க,” என்று வழிவிட்டார்.

நடு அறையில் வாகான இடத்தில் ஒரு துணிப்பை உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. வாய் கட்டி, மேலே ஒரு தண்ணீர் பாட்டில் வேறு செருகியிருந்தது.

“யார் பை இது, மைக்குக்கு குறுக்கால?” என்றான் பகலவன்.

“என்னுதுதாங்க,” என்றாள் தேவிப்ரியா. “நகத்தி வெய்யுங்க.”

நகர்த்தி வைத்தான். தன் கையாலேயே தூக்கி, மூலைக்குக் கொண்டுபோய், சுவரோடு சுவராகத் தள்ளி வைத்தான். நல்ல கனம் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

அமைதிக்கான ஏற்பாடுகளில் தேவிப்ரியா ஒரு குறை வைக்கவில்லை. டிவியைப் பிடுங்கிவிட்டாள், ஃபேனை நிறுத்தினாள், மாட்டை ஓட்டிக்கொண்டுபோய்க் கரும்புக் கொல்லையோரம் கட்டினாள். மாமனாரையும் மாமியாரையும் சுவரோரம் உட்கார வைத்து, இருமல் வந்தால் முன்கூட்டியே இருமிக்கொள்ளச் சொன்னாள். பிறகு புருஷனுக்கு எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நடுவில் மைக்.

“நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது,” என்றான் பகலவன், தொழில் மிடுக்கோடு.

“யாருமேவா?” என்று கேட்டாள் அவள்.

“யாருமே.”

பொத்தானை அமுக்கினான்.

இத்தனை நாளும் எதற்காகத் தவித்தானோ, அது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் வியர்வை, காதோரம் எண்ணெய் மினுமினுப்பு. அவன் பேசினால் பதிவு கெட்டுவிடும். பதிவு கெட்டால் அவன் எதற்கு வந்தான் என்ற கேள்வி வரும். பூவை எடுத்துக் கொடுக்கலாமென்றால் அது பிளாஸ்டிக் கவரில் இருந்தது, தொட்டாலே சரசரக்கும். அவள் அவனைப் பார்த்தாள். ‘ஏதாவது சொல்லணுமா?’ என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள். அவன் மைக்கைக் காட்டி உதட்டில் விரலை வைத்தான். அவள் தலையாட்டினாள். கண் மட்டும் கொஞ்சம் கலங்கின மாதிரி அவனுக்குத் தெரிந்தது. ஃபேன் இல்லாத புழுக்கம் என்று நினைத்துக்கொண்டான். உனக்காக நான் எவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறேன் தெரியுமா என்று மனசுக்குள் கத்தினான். மனசுக்குள் கத்துவதை எந்த மைக்கும் பிடிக்காது.

பதிவு அருமையாக வந்தது. பிறகு சாப்பாடு போட்டார்கள். மல்லிகை வாசம் பிடித்த மாமியார், “அம்மனுக்குப் பூ வாங்கியாந்தீங்களா மாப்ள, ஆடி மாசம், ரொம்ப நல்லது,” என்று கவரோடு வாங்கிக்கொண்டுபோய்ப் படத்துக்குப் போட்டுவிட்டார். விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியது. மாமனார் மொபெட்டைத் தள்ளினார். தேவிப்ரியா வாசல் வரைக்கும் வந்து, “பாத்துப் போங்க,” என்றாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் வீரமுத்து வாயைத் திறந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க மாப்ள. பாப்பா காலையிலேயே துணியெல்லாம் பையில கட்டி வெச்சிக்கினு குந்தியிருந்துது. அவுரு என்னக் கூப்புடத்தான் வர்றாருன்னு சத்தியம் பண்ணுச்சு. பதினெட்டுதான் கழிஞ்சிடுச்சே, போவட்டும்னு உங்க அத்தையும் ஒத்துக்கினாங்க. ஆனா பொண்ண நாங்களா அனுப்பி வெக்க முடியாது பாருங்க. மாப்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டாத்தான் எங்களுக்கும் மரியாத. நீங்க இன்னாடான்னா சத்தமே வேணாம்னுட்டீங்க.”

மூலைக்குத் தள்ளிவைத்த பையின் கனம் பகலவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் பேச வாயெடுப்பதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. பொறுப்பான மாமனார், கையைக் காட்டி நிறுத்தி, மருமகனை இடுப்பில் கை கொடுத்து ஏற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்.

பஸ் நிறையக் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டே போனை எடுத்தான்.

“ப்ரியா, நான் அமைதிக்கு வரல. உனக்காகத்தான் வந்தேன்.”

“கேக்கலீங்க. பஸ்ஸு சத்தம் ஜாஸ்தியா இருக்குது.”

“உன்ன கூட்டிக்கினு போகத்தான் வந்தேன்னு சொல்றேன்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

இனி மானமாவது மண்ணாங்கட்டியாவது. “நீ இல்லாம என்னால இருக்க முடியல ப்ரியா,” என்று பகலவன் பஸ் அதிரக் கத்தினான். “பஸ் ஸ்டாண்டுல சொன்னது பொய்யி. வூடு வூடாவே இல்ல. எந்த ரோபோவுக்கும் ஒரு கஷ்டமும் இல்ல, எல்லாம் என் கஷ்டம். வந்துடு.”

பஸ்ஸுக்குள் அத்தனை பேச்சும் நின்றது. கத்தரிக்காய்க் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் ஒருத்தி, “எறங்கிப் போய் கூட்டிக்கினு வா தம்பி,” என்றாள். கண்டக்டர் எதுவும் கேட்காமல் விசிலை ஊதினார். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் பஸ் நின்றது. படிக்கட்டில் நின்றவர்கள் அவனுக்காக ஒதுங்கினார்கள்.

“கேட்டுச்சா ப்ரியா?”

“மொத தபாவே கேட்டுச்சுங்க,” என்றாள் அவள். “இன்னொரு தபா கேக்கணும்போல இருந்துது. நானும்தான் இத்தன நாளா இதுக்குத்தானே காத்துக்கினு இருந்தேன்.”

பகலவன் படிக்கட்டில் இறங்கினான். ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டான். “இதோ திரும்பி வர்றேன். அத்தகிட்ட வாயத் தொறந்தே கேக்கறேன். நீ அந்தப் பைய எடுத்துக்கினு வாசல்ல வந்து நில்லு.”

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“பையில இருந்த பொடவ எல்லாத்தையும் இப்பத்தாங்க சோப்புத் தண்ணியில ஊற வெச்சேன்.”